சூடான வண்டி எடுக்க மறுக்கிறதா? இன்ஜினை இறக்கும் முன் மூன்று சோதனை

கேள்வி: "எங்கள் வீட்டில் 1986-ம் வருடத்து அம்பாசடர் பெட்ரோல் கார் இருக்கிறது. அப்பா மஞ்சள் விற்ற காசில் வாங்கியது. அம்மாவுக்கு சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்காக ஈரோடு கூட்டிப்போய் வருகிறோம். காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிற வண்டி, வழியில் மருந்துக்கடையிலோ டீக்கடையிலோ கால் மணி நேரம் நிறுத்தினால் எடுப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தால் எடுத்துவிடும். செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஒரு மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல ஓடுகிறது. புகை இல்லை, ஆயிலும் குறைவதில்லை. மெக்கானிக், 'இன்ஜினை இறக்கி போர் பண்ண வேண்டும், 60,000 ரூபாய் ஆகும்' என்கிறார். மகன், 'இரும்புக்கடையில் போட்டுவிடலாம்' என்கிறான். போன வாரம் அம்மாவை வெயிலில் முக்கால் மணி நேரம் ரோட்டோரம் உட்கார வைக்க வேண்டியதாகிவிட்டது. என்ன செய்வது ஐயா?"
- கோபிசெட்டிபாளையம் பகுதி வாசகர்

பதில்: கார் பற்றிய கேள்வி இந்தப் பகுதிக்கு அடிக்கடி வருவதில்லை. ஆனால் இதே வியாதி பவர் வீடருக்கும் ஸ்பிரேயருக்கும் வருவதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெல்லில் இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைத் தூக்குகிறவர்களை நான் தடுத்து நிறுத்துவது வழக்கம். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. இளம் இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. உங்கள் வண்டியும் அப்படித்தான். சூட்டில் எடுக்கவில்லை என்பது நோயின் பெயரல்ல, வெளியே தெரிகிற அடையாளம் மட்டுமே. அதற்குப் பின்னால் முக்கியமாக மூன்று காரணங்கள் இருக்கலாம். பெட்ரோல் அதிகமாகிவிட்டது. பெட்ரோலே வரவில்லை. அல்லது கரண்ட் வரவில்லை. முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். எது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. காலையில் ஒரே தட்டில் எடுக்கிறது, புகை இல்லை, ஆயில் குறைவதில்லை. போர் தேய்ந்த இன்ஜின் பெரும்பாலும் இப்படி நடந்துகொள்ளாது. அது குளிரில்தான் முதலில் தகராறு செய்யும், நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். அதைவிட முக்கியம், 'ஐந்து நிமிடத்தில் எடுக்கிறது, கால் மணியில் எடுப்பதில்லை, ஒரு மணியில் எடுக்கிறது' என்று நீங்கள் எழுதியிருக்கும் கணக்கு. இன்ஜினின் தேய்மானம் கடிகாரம் பார்த்து வந்து போகாது. சூடுதான் அப்படி ஏறி இறங்கும்.

ஏன் அந்தக் கால் மணி நேரம்?

அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். சட்டி பிடித்துவைத்த சூடு குழம்புக்குள் இறங்குகிறது. இன்ஜினிலும் அதேதான் நடக்கிறது.

வண்டி ஓடும்போது ஃபேன் சுற்றுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் ஓடுகிறது, பானெட்டுக்குள் காற்று புகுந்து போகிறது. டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால் கார்புரேட்டரும் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததும் இவை எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன. ஆனால் இன்ஜின் இரும்பிலும் புகை போகும் மேனிஃபோல்டிலும் உள்ள சூடு நிற்பதில்லை. அது மேலே ஏறுகிறது. அதனால் அணைத்த பிறகு முதல் பத்து, இருபது நிமிடத்துக்கு பானெட்டுக்குள் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அதற்குப் பிறகுதான் மெல்லத் தணியும்.

உங்கள் அம்பாசடரில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்த அந்த 1,489 சிசி இன்ஜினில், பெட்ரோல் உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அடுப்புக்குப் பக்கத்திலேயே எண்ணெய்ச் செம்பை வைத்ததுபோல, சூடான இரும்பை ஒட்டியே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோல் அப்படி ஒரே சூட்டில் கொதிப்பதில்லை. அது பல பொருட்கள் சேர்ந்த கலவை. அதில் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். 100 டிகிரி வருவதற்குள் சுமார் பாதி ஆவியாகிவிடும். சித்திரை வெயிலில் நிழலிலேயே 40 டிகிரி இருக்கும் ஊரில், சூடான இன்ஜின்மேல் இருக்கும் பெட்ரோலின் கதியை யோசித்துப் பாருங்கள்.

கார்புரேட்டரின் ஃப்ளோட் கப்பில் உள்ள பெட்ரோல் கொதித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கொதித்துப் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழிந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிடும். 'ஓவர்ஃப்ளோ ஆயிருச்சு' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அப்படியில்லாமல் கப் வற்றி, பம்பிலும் குழாயிலும் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நின்றுகொண்டால், பம்ப் எவ்வளவு அடித்தாலும் பெட்ரோல் ஏறாது. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் காற்றுப் பிடித்ததுபோல. இதை 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள்.

மூன்று சோதனை

அடுத்த முறை வண்டி நின்றால் பதற்றப்பட்டு செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, இந்த வரிசையில் பாருங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் இருக்கக் கூடாது.

1. மூக்கு: பெட்ரோல் வாடை பலமாக அடிக்கிறதா? கார்புரேட்டரின் வெளிப்புறம் ஈரமாக இருக்கிறதா? ஒருவழியாக ஸ்டார்ட் ஆகும்போது சைலன்ஸரில் ஒரு மூச்சுக் கரும்புகை வருகிறதா? இவை இருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

2. கண்: வாடை இல்லையென்றால் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பம்பில், கையால் அடிக்க ஒரு சிறிய நெம்பு இருக்கும். அதைப் பத்துப் பதினைந்து தடவை அடியுங்கள். முதலில் கைக்குக் கனம் தட்டி, பிறகு லேசாகிவிட்டால் கப் வற்றியிருந்தது, இப்போது நிறைந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு அடித்தும் லேசாகாவிட்டால் பம்பிலோ குழாயிலோ ஆவி நிற்கிறது, அல்லது வேறு அடைப்பு இருக்கிறது. இன்ஜின் நின்ற நிலையைப் பொறுத்துச் சில சமயம் நெம்பு பிடிக்காமல் லொடலொடவென்று இருக்கும். செல்ஃபை ஒரு சிறு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். மாற்றிய பம்பில் இந்த நெம்பு இல்லாவிட்டால், ஃப்ளோட் கப்பின் மூடியை எடுத்துப் பார்க்க மெக்கானிக்கிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

3. கரண்ட்: பெட்ரோல் அதிகமும் இல்லை, இல்லாமலும் இல்லை என்றால் அடுத்தது இது. வண்டியில் எப்போதும் ஒரு பழைய பிளக் வைத்திருங்கள். இன்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். ஒரு பிளக் ஒயரை மட்டும் உருவி, பழைய பிளக்கில் மாட்டி, அதன் உடம்பை கார்புரேட்டரிலிருந்து தள்ளி இன்ஜின் இரும்போடு ஒட்ட வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒயரை வெறும் கையால் பிடிக்கக் கூடாது. நீல நிறத்தில் 'சட் சட்' என்று பொறி வந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, மெலிசாக வந்தாலோ, வராமலே போனாலோ காயில் அல்லது கண்டன்சர் சூட்டில் படுக்கிறது. பெட்ரோல் வாடை அடிக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை நிமிடம் நிறுத்தியது, மூன்றில் எது. இப்படி இரண்டு மூன்று முறை எழுதினாலே நோய் பிடிபட்டுவிடும். அந்த நோட்டோடு மெக்கானிக்கிடம் போனால், அவரும் யூகத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை.

வழியில் நின்றால் உடனே செய்ய வேண்டியது

பெட்ரோல் அதிகம் என்றால்: சோக்கை முழுக்க உள்ளே தள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃபை ஐந்து முதல் பத்து நொடி அடியுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது. காற்று அதிகமாக உள்ளே போய், தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியே தள்ளும். எடுத்ததும் காலைத் தளர்த்துங்கள். எடுக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் வீணாகும்.

பெட்ரோல் வரவில்லை என்றால்: பானெட்டைத் திறந்து வையுங்கள். பம்பின் மேலும், பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் மேலும் ஈரத்துணியைச் சுற்றி, ஐந்து நிமிடம் விட்டு, நெம்பை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சுட்டுக்கொண்டிருக்கும் மேனிஃபோல்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். டிஸ்ட்ரிபியூட்டரும் நனையக் கூடாது.

கரண்ட் இல்லை என்றால்: காத்திருப்பதைத் தவிர வழியில் செய்ய அதிகம் இல்லை. ஆனால் காத்திருக்கும்போது சாவியை அணைத்து வையுங்கள். சாவி 'ஆன்' நிலையில் இருந்து இன்ஜின் ஓடாமல் இருந்தால், பாயிண்ட் ஒட்டியிருக்கும் நிலையில் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் இன்னும் சூடாகும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

ஓவர்ஃப்ளோ, ஏர் பிடித்தல் இரண்டுக்கும் பொதுவாக, கார்புரேட்டருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் கனமான பேக்கிங் இருக்க வேண்டும். சூட்டை மறைக்கும் தகடு வைத்த வண்டிகளில் அந்தத் தகடும் இருக்க வேண்டும். எப்போதோ கார்புரேட்டரைக் கழற்றிய ஒருவர், கனத்த பேக்கிங்குக்குப் பதில் மெல்லிய காகித பேக்கிங்கை வைத்திருக்கலாம். தகட்டை இடைஞ்சல் என்று தூக்கிப் போட்டிருக்கலாம். 40 வயது வண்டியில் இது சகஜம். இவற்றைத் திரும்பப் போடுவதற்கு ஆகும் செலவு சிறியது.

அடுத்து பெட்ரோல் குழாயின் பாதை. அது சைலன்ஸர் குழாயையோ மேனிஃபோல்டையோ உரசிக்கொண்டு போகக் கூடாது. நாலு விரல் இடைவெளியாவது விட்டுக் கட்டுங்கள்.

பெட்ரோல் அதிகமாகிற வண்டி என்றால், ஃப்ளோட் அளவு ஏறியிருக்கிறதா, ஃப்ளோட்டின் ஊசி வால்வு தேய்ந்திருக்கிறதா, சோக் கேபிள் முழுக்கத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசி வால்வு சிறிய உதிரிபாகம். அது கசிந்தால் மைலேஜும் குறையும்.

பெட்ரோல் வராத வண்டி என்றால், டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் பக்கத்தில் உள்ள வெடிப்பு பெட்ரோலை ஒழுகவிடாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருந்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் துவாரத்தைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஃபில்டர், பம்பின் டயஃப்ரம். இவ்வளவும் பார்த்த பிறகும் ஏர் பிடித்தால், டேங்க் பக்கத்தில் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் வைப்பது ஒரு வழி. அது பெட்ரோலை உறிஞ்சாமல் தள்ளுவதால் ஆவி நிற்பது குறையும். ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் பம்பை மாட்டிவிடாதீர்கள். அதன் அழுத்தத்தைப் பழைய கார்புரேட்டர் தாங்காது, பெட்ரோல் வழியும். விபத்து நடந்து இன்ஜின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி கனெக்‌ஷன் கொடுக்க வேண்டும்.

கரண்ட் கோளாறு என்றால் முதலில் கண்டன்சரையும் பாயிண்டையும் மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிறகு தெரிந்தவர் வண்டியிலிருந்து நல்ல காயிலை மாட்டி ஓட்டிப் பார்த்து, சரியானால் மட்டும் புதிது வாங்குங்கள்.

சூடே அதிகமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. அதனால் ஃபேன் பெல்ட் தொய்வு, ரேடியேட்டரின் வெளிப்பக்கம் அடைத்த பூச்சி, தூசி, உள்ளே படிந்த உப்பு ஆகியவற்றைப் பாருங்கள். நம் பகுதியில் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. சொட்டுநீர்க் குழாயை அடைக்கும் அதே உப்பு ரேடியேட்டரையும் அடைக்கும். கூலண்ட் ஊற்றுங்கள், கிடைக்காவிட்டால் நல்ல மழைநீர் ஊற்றுங்கள். டைமிங் பின்தங்கியிருந்தாலும் மேனிஃபோல்ட் அதிகமாகச் சூடாகும். அதையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலும் முன்போல இல்லை

'இத்தனை வருடம் இல்லாத தொந்தரவு இப்போது ஏன்?' என்று கேட்கலாம். வண்டியின் வயது ஒரு காரணம். பெட்ரோல் மாறியிருப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எடுப்பது. நம் விளைபொருளுக்கு அதனால் ஒரு சந்தை கிடைத்திருக்கிறது. ஆனால் 1986-ல் வந்த வண்டியின் ரப்பர் ஹோஸும் பம்பின் டயஃப்ரமும் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், வெடிக்க வைக்கும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோலின் ஆவியாகும் குணமும் மாறுகிறது. எனவே ஹோஸ், டயஃப்ரம், ஃப்ளோட் கப் பேக்கிங் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் பெட்ரோலை டேங்கில் தேக்கி வைக்காதீர்கள்.

மெக்கானிக் சொல்வது எப்போது சரி?

அவர் சொல்வது தவறு என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. சூட்டில் மட்டும் கம்ப்ரஷன் இறங்குகிற இன்ஜின்களும் உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானதும், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, நாலு பிளக்கையும் எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். நாலும் குறையாமல் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் போர் பண்ணும் பேச்சுக்கு இப்போது இடமில்லை. ஒன்றில் மட்டும் நன்றாகக் குறைந்தால், அந்த பிளக் துவாரத்தில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றாலும், முதலில் டேப்பட் இடைவெளியை சரிசெய்து பார்க்க வேண்டும். இடைவெளி இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுக்க மூடாது.

இந்த அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை அட்டை இல்லாமல் உரம் போடக் கூடாது என்று நான் சொல்வதில்லையா? அதுபோலத்தான் இது. எண்ணைப் பார்த்த பிறகு 60,000 ரூபாயைப் பற்றிப் பேசுங்கள்.

அம்மாவின் பயணத்துக்கு

கோளாறு சரியாகும் வரை டயாலிசிஸ் நாளில் இந்த வண்டியை மட்டும் நம்ப வேண்டாம். கூப்பிட்டால் வருகிற ஒரு வாடகை வண்டியின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். திடீரென்று அம்மாவுக்கு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் வண்டியோடு போராடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்த வண்டியிலேயே போகவேண்டி வந்தால், நின்று நின்று போகாமல் ஒரே ஓட்டமாகப் போங்கள். மருத்துவமனையில் நாலு மணி நேரம் நிற்கும்போது இன்ஜின் ஆறிவிடும், அங்கே தொந்தரவு வராது. உங்கள் வண்டிக்குக் கெட்ட நேரம் பத்திலிருந்து நாற்பது நிமிடம் வரை நிறுத்துவதுதான். பெட்ரோல் பங்கில் இன்ஜினை அணைத்தே ஆக வேண்டும். ஆகவே வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில், இன்ஜின் அதிகம் சூடேறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மருந்து வாங்குவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வையுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

எடுக்காத வண்டியின் கார்புரேட்டர் வாயில் பாட்டிலிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கும் பழக்கம் கிராமத்தில் இருக்கிறது. இன்ஜின் ஒரு முறை திருப்பி அடித்தால் கார்புரேட்டர் வழியாகத் தீ வெளியே வரும். கையில் இருப்பதோ பெட்ரோல் பாட்டில். வண்டியோடு போனால் பரவாயில்லை, ஆள் போய்விடுவார். பின் சீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இதை ஒருபோதும் செய்யாதீர்கள், செய்ய வருகிறவரையும் விடாதீர்கள். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்றை டிரைவர் சீட்டுக்கு அருகில் வைத்திருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அப்பா மஞ்சள் விற்று வாங்கிய வண்டியை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் வீட்டு முடிவு. ஆனால் ஒரு பேக்கிங்குக்காகவோ கண்டன்சருக்காகவோ அது இரும்புக்கடைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: "பவர் வீடர் (பெட்ரோல்) வைத்திருக்கிறேன். காலையில் எடுக்கிறது. பத்து மணிக்கு டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறது. எடுப்பதில்லை. ஏன்?"
- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

பதில்: முதல் சந்தேகம் சோக். காலையில் சோக் போட்டு எடுத்த கை, பழக்கத்தில் பத்து மணிக்கும் சோக் போடும். சூடான இன்ஜினுக்குச் சோக் தேவையில்லை, போட்டால் பெட்ரோல் அதிகமாகிவிடும். சோக்கைத் திறந்து, திராட்டிலை முழுக்க வைத்து நாலைந்து முறை இழுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். காய்ந்தே இருந்தால் பெட்ரோல் டேப்பையும் டேங்க் மூடியின் துவாரத்தையும் பாருங்கள்.

இரண்டாவது, இன்ஜினைச் சுற்றியுள்ள மடிப்பு மடிப்பான ஃபின்கள். இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, அந்த மடிப்புகளுக்குள் ஓடும் காற்றுதான் குளிர்ச்சி. களை எடுக்கும்போது பறக்கிற மண்ணும் சருகும் அங்கே அடைத்துக்கொண்டால் இன்ஜின் வெந்துபோகும். தினமும் வேலை முடிந்து ஆறிய பிறகு பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். நிறுத்தப் போகும்போது ஒரு நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் நிரப்பாதீர்கள். முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும். இறக்கி வைத்து, ஆறவைத்து, பிறகுதான் பெட்ரோல்.

கேள்வி: "என் பழைய டிராக்டர் காலையில் நன்றாக எடுக்கிறது. உழுதுவிட்டு நிறுத்தினால் சூடு ஆறும் வரை எடுப்பதில்லை. டீசலுக்கும் ஆவி பிடிக்குமா?"
- மணப்பாறை பகுதி வாசகர்

பதில்: டீசல் பெட்ரோலைப்போல லேசில் ஆவியாகாது. அதில் பிளக் பொறியும் இல்லை. ஆகவே மேலே சொன்ன வைத்தியம் இதற்குப் பொருந்தாது. முதலில் சூட்டில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். மெதுவாக என்றால் பேட்டரி, எர்த் ஒயர், செல்ஃப் புஷ் ஆகியவற்றில் கோளாறு. வேகமாகச் சுற்றியும் எடுக்கவில்லை, உங்கள் டிராக்டரில் ரோட்டரி வகை டீசல் பம்ப் இருக்கிறது என்றால், பம்பின் உட்பாகம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டீசல் சூடானால் மெலிந்துவிடும். தேய்ந்த இடைவெளி வழியாக அது உள்ளேயே கசிந்து, செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் நாசிலுக்குத் தேவையான அழுத்தம் கிடைக்காது.

சோதனை எளிது. இன்ஜின் நின்றிருக்கும்போது பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, பத்து நிமிடம் ஆறவிட்டு எடுத்துப் பாருங்கள். உடனே எடுத்தால் குறை பம்பில். குடம் குடமாகக் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டாம், நுணுக்கமான பாகங்கள் இறுகிக்கொள்ளும். பம்பைக் கழற்றும் முன் டீசல் ஃபில்டரும் குழாய் இணைப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கேலிபிரேஷன் பெஞ்ச் உள்ள பட்டறைக்குக் கொண்டு போங்கள். கரூர் ரோட்டில் விற்கிறார்கள், திருச்சியில் விற்கிறார்கள் என்று ஸ்டார்ட்டிங் ஸ்பிரே வாங்கி அடித்துக்கொண்டே காலம் ஓட்டாதீர்கள், பிஸ்டனும் ரிங்கும் உடையும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரக் கேள்வி அனுப்பும்போது, காலையில் எடுக்கிறதா, எத்தனை நிமிடம் நிறுத்தினால் எடுப்பதில்லை, செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது, என்ன வாடை, என்ன புகை என்று எழுதுங்கள். கோபி வாசகர் அப்படி எழுதியதால்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது. அடுத்த இதழில் வாழையில் இலைப்புள்ளி நோய் பற்றி வந்திருக்கும் கடிதங்களுக்குப் பதில்.